சின்னம்மாவை மறித்த காலை

என் உயிரான அம்மாவுக்கு,

எழுவைதீவுச் சங்கதிகள் நீங்கள் இருக்கிற இடத்துக்கு வந்து சேருமோ தெரியாது. சேராவிட்டால் நான்தானே சொல்லவேண்டும்.

தம்பி நடக்கிறான். உங்களைக் காய்ச்சலோடு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தவழ்ந்தவன், இப்போது கோழி துரத்துகிறான். ஐயாவின் வள்ளத்துக்கு இயந்திரம் பூட்டியாயிற்று. அது அன்றைக்கு இருந்திருந்தால்? ஐயாவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

அன்று பாய் வள்ளம் திரும்பி வந்ததும் ஐயா தலையைக் குனிந்தபடி இறங்கினார். எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் "சாப்பிட்டனீங்களோ ஐயா?" என்றுதான் கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன்? பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அழத் தெரியாதா? சனம் என்னைக் கல்மனசுக்காரி என்றது. அப்படித்தானோ என்று நானும் பயந்தேன்.

அடக்கம் முடிந்ததும் கரம்பொனிலிருந்து உங்கள் தங்கை, எங்கள் சின்னம்மா, தம்பியைப் பார்க்க வந்து எங்களோடேயே நின்றுவிட்டார். அவருக்கு உங்கள் குரல். ஒருநாள் குசினிக்குள் சமைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "ஓம் அம்மா, வாறன்" என்று ஓடினேன். அவரைக் கண்டதும் பொல்லாத கோபம் வந்தது. அவர்மீதா, உங்கள்மீதா? இன்னும் தெரியவில்லை.

போன கிழமை ஐயா என்னைக் கூப்பிட்டு இருத்தினார். சின்னம்மாவைக் கலியாணம் கட்டச் சொல்லி உறவுக்காரர் தன்னை நெருக்குகிறார்களாம். பங்குச் சுவாமியாருக்கும் சம்மதமாம்.

"நீ என்ன சொல்லுறாய், பிள்ளை?"

"எனக்குத் தெரியேல்லை ஐயா."

"எனக்கும் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டு அழுதார். ஐயா அழுததை அன்றைக்குத்தான் கண்டேன்.

நாங்கள் கதைத்தது சின்னம்மாவின் காதிலும் விழுந்திருக்கிறது. விடிந்ததும் உடுப்புகளைக் கட்டிக்கொண்டு துறைக்கு நடந்தார். தம்பி கத்திக்கொண்டு பின்னால் ஓடினான். அவனைத் தூக்கத்தான் போனேன். ஆனால் என் கை அவரின் சேலையைப் பிடித்தது.

"போகாதேங்கோ சின்னம்மா."

"மனசாரத்தான் சொல்லுறியோ?"

"தெரியாது. ஆனால் போகாதேங்கோ."

அவர் திரும்பி வந்தார். வருகிற மாதம் கலியாணம். வீட்டில் மறுபடி பேச்சுச்சத்தம் கேட்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. உடனே வெட்கமாகவும் இருக்கிறது. உங்களுக்குத் துரோகம் செய்துவிட்டேனா அம்மா?

தம்பி அவரை அம்மா என்கிறான். நான் தடுக்கமாட்டேன். எனக்கு மட்டும் அது ஏலாது. அவரும் கேட்கவில்லை. விளங்குகிற வயது வந்ததும் தம்பியை உங்கள் கல்லறைக்குக் கூட்டிவந்து, "உன்னைப் பெத்தவ இவதான்" என்று சொல்வேன். அவனுக்கு உங்கள் முகம் ஞாபகம் இராது. எனக்கு ஞாபகமுள்ளதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பேன். இது சத்தியம்.

உங்களை இன்னும் தேடுகிற,
உங்கள் மூத்த மகள்