துடைத்த தாளுக்கு வந்த பாராட்டு

அன்பு மகளுக்கு,

ஆண்டவன் அருளால் இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். கோபம் வேறு, வேண்டுதல் வேறு. மூன்று நாளாக நீ போன் செய்தும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ ஏதாவது சமாதானம் சொல்வாய், உன் குரலைக் கேட்டதும் நானும் சரி போ என்று விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான், உன் அப்பா, உன் சித்தி, மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் நீர்நாய்க்காரர், ஆக நாலு பேர். வேறு யாரும் இல்லை. நீர்நாய்க்காரர் என்று பெயர் வைத்தது உன் சித்தி. மிருகக்காட்சி சாலையில் இருபத்தாறு வருஷம் நீர்நாய்களுக்கு மீன் போட்டு, தொட்டி கழுவி, தாயில்லாத குட்டிக்குப் பால் புகட்டி ஓய்வு பெற்ற மனிதர். அவர் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று சொல்ல வந்தார், நான்தான் உட்காரச் சொல்லி நான் வரைந்த நீர்நாய்ப் படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். காட்டாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் முட்டாளாக இருந்திருப்பேனோ தெரியாது.

உனக்குத் தெரியும், நான் இதுவரை வரைந்ததெல்லாம் பென்சிலில் கோடு போட்டு, கோட்டுக்குள் வண்ணம் தீட்டி, காய்ந்த பிறகு அதன்மேல் இன்னொரு பூச்சு. மரங்கொத்தி, முயல், மான் எல்லாம் அப்படித்தான். இந்த ஈரத்தின் மேல் ஈரம் வைக்கிற முறையை நூலகப் புத்தகத்தில் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டேன். தாளை முழுக்க நனைத்து, பலகையில் ஒட்டி, மேலே மினுங்குகிற தண்ணீர் மங்கும்வரை காத்திருந்து, பிறகு கோடே இல்லாமல் தூரிகையால் வண்ணத்தை விட வேண்டும். அது தானாகப் பரவும். மயிரோடு மயிர் ஒட்டி நனைந்த விலங்குக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது என்று புத்தகம் சொன்னது. கொஞ்சம் அவசரப்பட்டால் தலை ஆற்றோடு போய்விடும், கொஞ்சம் தாமதித்தால் தாளில் தேமல் மாதிரி திட்டுத்திட்டாக விழும். எவ்வளவு நேரம் காத்திருந்தேன், எவ்வளவு தண்ணீர், எந்தத் தூரிகை என்று ஒவ்வொரு தாளுக்கும் குறித்து வைத்தேன். பக்கத்திலேயே, போனில் படம் பிடித்து அனுப்பியதும் நீ சொன்னதையும் எழுதினேன். சொல்லிக் கொடுக்க எனக்கு யாரும் இல்லை, உன் கண்தான் என் பள்ளிக்கூடம் என்று நினைத்திருந்தேன்.

அந்த மனிதர் படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அக்கா, தப்பா நெனைக்காதீங்க, இது நீர்நாய் இல்ல, மழையில நனைஞ்ச பூனை என்றார். உன் சித்தி டீயைத் துப்பாத குறை. காது இவ்ளோ ஒசரத்துல இருந்தா பூனைதான், நீந்துறப்ப நீர்நாய்க்கு மூக்கு, கண்ணு, காது மூணும் ஒரே கோட்டுல தண்ணிக்கு மேல வரும் என்று மேசையில் விரலால் இழுத்துக் காட்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் மகள் படித்தவள், பெரிய ஊரில் கண்காட்சியெல்லாம் பார்க்கிறவள், அவள் ஒன்றும் சும்மா சொல்ல மாட்டாள் என்று நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். பதினெட்டு தாள், பதினெட்டு அருமை. பத்தொன்பதாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அருமைம்மா, அப்படியே தண்ணியிலேர்ந்து எழுந்து வர்ற மாதிரி இருக்கு, கண்ணுல உயிர் இருக்கு என்று எழுதியிருந்தாய். எந்தப் படத்துக்கு என்று காட்டப் போனைத் திறந்தேன். உன் பாராட்டுக்கு மேலே இருந்தது நீர்நாய் இல்லை மகளே. தூரிகையைத் துடைக்கிற தாள். என் கை தவறி அதை அனுப்பியிருக்கிறேன். நான்கு பழுப்புக் கறையும் ஒரு பச்சைத் தீற்றலும். அதில்தான் நீ உயிரைப் பார்த்திருக்கிறாய்.

உன் சித்தி சிரித்தாள். சிரிக்கட்டும், அவள் என்னைப் பின்னால் ஒன்றும் முன்னால் ஒன்றும் சொன்னதில்லை. நீர்நாய்க்காரர் குழாயைப் பார்க்கிறேன் என்று எழுந்துபோனார், நல்ல மனிதர். உன் அப்பா மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். அவதான் சொல்லச் சொன்னா, அம்மாவுக்குப் பொழுது போகட்டும், நீங்களும் நல்லா இருக்குன்னே சொல்லிடுங்கப்பா, இல்லைன்னா மனசு ஒடஞ்சிடும்னு சொன்னா என்றார். பொழுது போகட்டுமாம். விடிந்ததும் கும்பிட்டுவிட்டு, வீட்டு வேலையை முடித்து, முதுகு விறைக்க ஜன்னலோரம் நின்றதெல்லாம் உனக்குப் பொழுதுபோக்காகத் தெரிந்திருக்கிறது. நீ சொன்னதை நம்பித்தான் நூலகத்தில் தொங்கவிடும் படங்களில் என் நீர்நாயும் இருக்கும் என்று நூலகரிடம் பெயர் கொடுத்தேன். ஊரே பார்க்க ஒரு பூனையைத் தொங்கவிட்டுப் பக்கத்தில் பெருமையாக நின்றிருப்பேன். அப்போது என் மனசு உடையாதா?

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. குஞ்சுக்கும் காக்கை பொன்னாகத் தெரிய வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்? நீ ஏழு வயதில் ஒரு யானை வரைந்து கொண்டுவந்தாய். கால் அஞ்சு இருக்குடி என்றேன். அழுதாய், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நாலு காலோடு கொண்டுவந்தாய், அதைத்தான் அலமாரிக் கதவில் ஒட்டினேன், இன்னும் இருக்கிறது. உன்னால் முடியும் என்று நினைத்ததால்தான் சொன்னேன். உன்னிடமிருந்து எனக்கு வராமல் போனது அது ஒன்றுதான்.

மற்றபடி குழாயை அவரே சரிசெய்து கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, என்னிடம் பேசத்தான் பயப்படுகிறார், பயப்படட்டும். நீ வெறும் வயிற்றில் காபி குடிப்பதை விடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே.

இத்துடன் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று அந்தப் பூனை. இன்னொன்று நேற்று வரைந்தது, காதை இறக்கிவிட்டேன், ஆனால் கழுத்தருகே என்னவோ சரியில்லை, எனக்குப் பிடிபடவில்லை. நீர்நாய்க்காரரிடம் இன்னும் காட்டவில்லை. முதலில் நீ பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார், தப்பு எங்கே என்று பென்சிலால் படத்தின் மேலேயே வட்டம் போடு, படம் கெட்டுப்போகும் என்று யோசிக்காதே. ஒன்றும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுது, அதுவும் எனக்குப் போதும். அருமை என்ற சொல் மட்டும் அந்தக் கடிதத்தில் இருக்கக் கூடாது.

நூலகத்துக்கு அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். உன்னையும் மாப்பிள்ளையையும் ஆண்டவன் எப்போதும் காப்பாற்றட்டும். போன் செய்யாதே, எழுது. சீக்கிரம் எழுது.

அம்மா