ஒன்பது போதும் என்றவருக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளைப் பதின்மூன்றாக்கும் மசோதாவை எங்கள் கட்சி கொண்டுவந்ததிலிருந்து எங்கள் செனட்டர் அலுவலகத்தில் தொலைபேசி ஓயவில்லை. யார் கத்தினாலும் நாங்கள் சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது. "செனட்டர்கிட்ட சொல்லிடறேன் சார்" என்று மட்டும் சொல்ல வேண்டும். எரிச்சலில் பல்லைக் கடித்தே தாடை வலிக்கிறது.

செவ்வாய்க்கிழமை நெப்ராஸ்காவிலிருந்து ஒருவர் பொரிந்து தள்ளினார். "ஆட்டத்துல தோத்தா, இன்னும் நாலு ஆளை இறக்குவீங்களா? வெக்கமா இல்ல? என் பொண்ணும் உங்க ஆபீஸ்லதான் இருக்கா. நன்றித் திருநாள் விருந்துக்கு வீட்டுக்கு வந்தவ, இதுக்குத்தான் சண்டை போட்டுட்டுப் போனா. அவகிட்ட பேச முடியல, அதான் உங்ககிட்ட பேசறேன்."

ஒன்பது என்று அரசியல் சாசனத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்க நாக்கு துடித்தது. மேலாளர் பின்னால் நின்றார்.

அப்பா, "சொல்லிடறேன் சார்" என்றது நான்தான். என் அலுவலகக் குரல் உங்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

இங்கே குளிர் தாங்கவில்லை. என் கம்பளிக் காலுறைகளையும் அம்மா செய்த பிளம் ஜாமையும் அனுப்புங்கள். தொலைபேசி மணியடிக்கிறது, போகிறேன். இனி என் சொந்த எண்ணுக்கே கூப்பிட்டுத் திட்டுங்கள். அதில் உங்களை 'சார்' என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் மகள்,
கிர்ஸ்டன்