முப்பத்தொண்ணு, கம்மி

12-9-1987, சனி

லாட்ஜில் சேர்ந்து எட்டு மாதம். தலையணை உறையில் மயிர் இருக்கிறது என்று யாராவது சொன்னால், பி.ஏ. படித்த நான் மேசைக்குப் பின்னால் தலைகுனிகிறேன். என் தலை போகட்டும். பாய்லர் பார்க்கும் குப்பண்ணனுக்கு ஏழு வாரமாக ஒரு நாள்கூட லீவு இல்லை. வெள்ளிமலைக்கு மேலே அவர் ஊர். சாமை முற்றிவிட்டது, அறுக்க வேண்டும். கேட்டதற்கு முதலாளி, "ஒனக்கு லீவு வுட்டா கஸ்டமருக்கு நான் போயி வெந்நீ தூக்கறதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குப்பண்ணனும் சிரித்தார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

14-9-1987

முன்படி தங்குகிறவர்களுக்கு. வேலையாட்களுக்குப் பின்பக்கத்து இரும்புச் சுழல்படி. கையில் பக்கெட்டோடு அதில் ஏறிப் பார்த்தால் தெரியும்.

பின் ஜன்னலில் நின்று பாய்லர் கொட்டகைக்குக் குரல் கொடுப்பது என் வேலை. அறை எண், பிறகு ஒரே ஒரு வார்த்தை. "ஏழு, சோப்பு." "பதினாலு, கொசுவத்தி." அதற்கு மேல் பேசக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. தங்கியிருப்பவர்களுக்கு இது சந்தை மாதிரித் தோன்றிவிடுமாம். மனிதனோடு இப்படியா பேசுவது? எனக்குப் பழகிவிட்டது.

"வூட்லகூட எம்பொண்டாட்டிய நம்பர் போட்டுக் கூப்புட்டேன் தம்பி. ரெண்டு நாளு பேசல" என்றார் குப்பண்ணன்.

17-9-1987, வியாழன்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கிவிட்டது. ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் இல்லை. அண்ணன் இருசப்பன் வடக்கனந்தல் ஆட்களோடு விடியற்காலையிலேயே போய்விட்டான். கேட்கும் பங்கு நியாயமானது. எங்கள் தெருவில் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் ஒருவன்கூட இல்லை.

லாட்ஜ் நிரம்பிவிட்டது. வராந்தாவிலும் ஆட்கள். வெந்நீர் தூக்கும் இன்னொரு ஆள் சங்கராபுரத்திலிருந்து வர முடியவில்லை. மூன்று மாடிக்கும் குப்பண்ணன் ஒருவர்தான்.

19-9-1987

எழுத முடியவில்லை.

20-9-1987, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாருக்கும் தெரியாது.

நேற்றுக் காலை ஆறரை. முப்பத்தொன்றாம் அறையில் தங்கியிருக்கும் மருந்துக் கம்பெனிக்காரர் படியிறங்கி வந்து, தண்ணி கம்மியா இருக்கு தம்பி என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அரை பக்கெட்தான் போயிருக்கிறது. அளவைச் சொன்னார். நான் ஜன்னலுக்குப் போய்ச் சொன்னேன்: "முப்பத்தொண்ணு, கம்மி."

அவ்வளவுதான் சொன்னேன். எது கம்மி என்று சொல்லவில்லை.

குப்பண்ணன் சூடு கம்மி என்று எடுத்துக்கொண்டார். எப்போதும் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவித்தான் கொண்டுபோவார். நேற்று விளாவவில்லை. கொதிக்கக் கொதிக்க ஒரு பக்கெட். சுழல்படியின் இரண்டாவது வளைவில் கால் வழுக்கி மார்பிலிருந்து தொடைவரை -

அவர் கத்தவில்லை. மேலே கஸ்டமர் இருக்கிறார்கள் என்று நினைத்தாரோ?

மருந்துக்காரர்தான் ஓடிவந்து தன் பெட்டியிலிருந்த களிம்பை எல்லாம் பிதுக்கினார். இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர், உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆஸ்பத்திரி வண்டி முந்தாநாள் விழுப்புரம் போனது. அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. வாடகைக்குக் கார் ஓட்ட ஒருவனும் வரவில்லை. நான் சைக்கிளில் அண்ணனிடம் போனேன். "ஆஸ்பத்திரிக்குன்னா மரத்த நாங்களே இழுத்து வுடறோம்டா, இட்டுக்கினு வா" என்றான். ஓடித் திரும்பி முதலாளியிடம் கார் கேட்டேன். கண்ணாடியை உடைத்துவிடுவார்களாம். தர மாட்டேன் என்றார்.

அண்ணன் மரத்தை இழுத்துப் போட்டுவிட்டுச் சாயங்காலம்வரை காத்திருந்தானாம்.

21-9-1987

வார்டில் போய்ப் பார்த்தேன். வாழையிலை மேல் படுத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "சூடு பத்தலன்னு சொன்னியேன்னு விளாவாம எடுத்தாந்தேன் தம்பி" என்றார். பிறகு, "அவருக்கு வேற தண்ணி குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

கொடுத்தார்கள் என்றேன். சூட்டைச் சொல்லவில்லை அண்ணே, அளவைத்தான் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நர்ஸ் வந்தாள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

22-9-1987

நஷ்டஈடு கேட்டு யாரும் வந்துவிடக் கூடாதென்று முதலாளி ஒரு தாளை நீட்டினார். குப்பன் வேலை முடிந்து, தான் குளிப்பதற்காகத் தண்ணீர் எடுத்துப் போகையில் தவறி விழுந்தான் என்று எழுதியிருந்தது. நேரில் பார்த்த சாட்சி நான்.

பொய் என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இன்ஸ்பெக்டரு பன்னண்டாம் ரூம்லதான் தங்கிக்கினு இருக்காரு. மரம் வெட்னவன் பேரெல்லாம் கேக்கறாரு. ஒங்கண்ணன் பேர நான் இன்னும் சொல்லல. நீயும் நானும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருந்துக்கலாம், இன்னா சொல்ற?"

கையெழுத்துப் போட்டேன்.

அண்ணனுக்காக என்று எழுத வருகிறது. முழுக்க அதுவும் இல்லை. வேறொரு தாளில் நடந்ததை அப்படியே எழுதச் சொல்லியிருந்தால் "கம்மி" என்ற வார்த்தையையும் எழுத வேண்டியிருக்கும்.

23-9-1987

அண்ணனை நேற்று முன்தினமே பிடித்துவிட்டார்களாம். கடலூர் ஜெயில். நான் கையெழுத்துப் போட்டபோது அவன் உள்ளே இருந்திருக்கிறான்.

24-9-1987, வியாழன்

ரோடு திறந்தது. பஸ் ஓடுகிறது. குப்பண்ணன் காலையில் போய்விட்டார். பிணத்தை மலைக்குக் கொண்டுபோக முதலாளியே வேன் பிடித்துக் கொடுத்தார்.

மாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அறையைக் காலி செய்தார்கள். பத்தாம் அறைக்காரர் கருத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்: சொந்த வீட்டைப் போல் கவனித்தார்கள், வெந்நீருக்குக் குறையே இல்லை.

அந்த வரியை முதலாளி எல்லோருக்கும் படித்துக் காட்டினார்.

25-9-1987

வேலையை விட்டுவிட்டேன். யாருக்கு என்ன ஆகப்போகிறது?

6-3-1988

குப்பண்ணன் மனைவி சாமியம்மாள் மலையிலிருந்து தேடிக்கொண்டு வந்தார். லேபர் ஆபீசுக்கு நஷ்டஈட்டு மனு எழுதித் தரச் சொன்னார். வேலையில செத்தாருன்னு எழுது தம்பி, குளிக்கப்போய் செத்தான்னு ஊர்ல பேசறாங்க, குடிச்சிட்டு வுழுந்தான்னுகூடச் சொல்றாங்க என்றார். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

எழுதினேன். காலை ஆறரை, முப்பத்தொன்று, கம்மி, எல்லாவற்றையும். அவருக்கு வாசித்துக் காட்டினேன். கம்மி என்ற இடம் வந்ததும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேணும்னா சொன்ன? இல்லியே. எழுது" என்றார். சாட்சி என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

முதல் தாளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம்.

30-3-1989

மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியாக இருபது சதவீதம் என்று பேப்பரில் வந்திருக்கிறது. ஜெயிலிலிருந்து எப்போதோ வந்துவிட்ட அண்ணன் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தான். எனக்கும் ஒன்று. தின்றேன்.

18-4-1989, செவ்வாய்

கடலூர் லேபர் ஆபீசில் விசாரணை. சாமியம்மாள் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அதிகாரி மனுவை வாசித்தார். பிறகு முதலாளி தரப்பு கொடுத்திருந்த தாளை எடுத்து அதையும் சத்தமாக வாசித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"வேடியப்பன் நீங்கதானே? இதுல எது உங்க கையெழுத்து?"

"ரெண்டுமே என்னுதுதான் சார்."

"அப்ப நான் எத நம்பறது?"

மறியல், அண்ணன், இன்ஸ்பெக்டர் தங்கிய அறை என்று எல்லாவற்றையும் சொன்னேன். குறித்துக்கொண்டார். அதெல்லாம் நீங்கள் சொல்வது, இது நீங்கள் எழுதிக்கொடுத்தது என்றார். தப்பாகச் சொல்லவில்லை.

வெளியே வந்தோம். சாமியம்மாள் வேப்பமரத்தடியில் நின்றார். பிறகு கேட்டார்:

"அந்த மொதக் கையெழுத்து எப்ப போட்ட? அவரு உசுரோட இருக்கசொல்லவா?"

ஆமாம் என்றேன்.

தலையை ஆட்டினார். முந்தானையில் முடிந்திருந்த பஸ் காசை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் கூடப் போகவில்லை. வா என்று அவர் கூப்பிடவில்லை.