மைக்கை அணைத்த பிறகு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஒரு சேதி, பதறாதீர்கள், நல்லதுதான்! ஆற்றில் ஆலைக் கழிவு கலக்கிறது என்று எங்கள் பேராசிரியை நீரைச் சோதித்துக் கட்டுரை எழுதினார். எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் புதுக் கட்டடம் தந்ததே அந்த ஆலைதான். உடனே அவர் வகுப்பை நிறுத்திவிட்டார்கள்.

நேற்று துணைவேந்தர் விளக்கக் கூட்டம் நடத்தினார். கேள்விகளைச் சீட்டில் எழுதித் தர வேண்டுமாம், அவரே படிப்பாராம். இதைப் பற்றிய ஒரு சீட்டையும் அவர் படிக்கவில்லை. எப்படி எழுந்தேனோ, பக்கத்திலிருந்த மைக்கைப் பிடித்து, "ஐயா, அவங்க எழுதினதுல எது தப்பு?" என்று கேட்டுவிட்டேன். மைக்கை அணைத்துவிட்டார்கள்.

என் மெல்லிய குரல்தான் உங்களுக்குத் தெரியுமே!

"சத்தமா கேளும்மா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"நீ முதல்ல வாயை மூடுடி, அவ பேசுறது கேக்கட்டும்" என்றாள் இன்னொருத்தி.

அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மறுபடி கேட்டேன். கடைசி வரிசைக்கும் கேட்டதாம்!

துணைவேந்தர் கண்ணாடியைத் துடைத்தார். "தப்புன்னு நான் சொல்லலையே."

"அப்ப வகுப்பு?" என்று எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது அப்பா!

என் உதவித்தொகைக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் தோழிகள் சொல்கிறார்கள். அம்மாவின் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. துவைக்க வேண்டாம்.

கதவைத் தட்டுகிறார்கள், பேராசிரியையைப் பார்க்கப் போகிறோம். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமா?" என்று கேட்பீர்களே. திறந்தேன் அப்பா. உதிரவில்லை.

உங்கள் மகள்