கொம்பும் காலும் சேர்ந்த தலையெழுத்து

இன்று காலை உன் கல்லறைக்கு வைக்கப்போகிற கல்லைப் பார்க்கக் கிளம்பினோம், நானும் உன் அம்மாவும். போகிற வழியில் என் வண்டி பஞ்சர். ஊரில் இத்தனை ரோடு கிடக்க, சமாதானபுரத்தில் நம் பழைய ஆபீசுக்குக் கீழே இருக்கிற சைக்கிள் கடைப் பக்கமாக வந்துதான் அந்தச் சவத்துக்குக் காற்று இறங்க வேண்டுமா? அம்மாவை இறங்கச் சொல்லி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். கடைக்காரர் டியூபை உரசி, சொல்யூஷனைத் தடவி ஊதினார். அவ்வளவுதான், அந்த வாசனை ஏறியது.

நாள் முழுக்க நம் மாடி ஜன்னல் வழியாக வந்த வாசனை. தலை வலிக்கிறது என்று திட்டுவாய். ஜன்னலைச் சாத்து என்றால் சாத்தவும் மாட்டாய். "சாத்துனா புழுங்கிச் சாவோம். இதுன்னா தலவலியோட போகும்" என்பாய். அண்ணாந்து பார்த்தேன். மாடியில் இப்போது டியூஷன் சென்டர் போர்டு தொங்குகிறது. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு என்னவோ நீ உள்ளே கீபோர்டைத் தட்டுகிற மாதிரியே இருந்தது. அம்மாவும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முக்கூடலிலிருந்து பஸ் பிடித்து வேர்க்க விறுவிறுக்க வந்த முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். ஒரே அறை, மூன்று கம்ப்யூட்டர், அண்ணாச்சி என்று நாம் கூப்பிட்ட முதலாளி, நீ. பள்ளிக்கூடம், சங்கம், கல்யாண மண்டபம் என்று யார் கேட்டாலும் அண்ணாச்சி வெப்சைட் செய்து தருவதாக ஒத்துக்கொண்டு வந்துவிடுவார். செய்ய வேண்டியது நாம். நான் உட்கார்ந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, உனக்குக் கோவம் வருமா?" வரும் என்றேன். "அப்ப சரி. எனக்கு வராது. ஒருத்திக்காவது வரணும், இல்லன்னா அண்ணாச்சி நம்மள வித்துருவாரு" என்றாய்.

நம்முடைய முதல் பெரிய சண்டை ஒரு பள்ளிக்கூடத்தின் வெப்சைட்டால் வந்தது. முகப்பில் செய்தித் தலைப்புகள் நீளமாக இருக்கின்றன, இத்தனை எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிட்டுப் புள்ளி வைத்துவிடு என்று அண்ணாச்சி சொன்னார். வெட்டினோம். "தலைமை ஆசிரியர் நாயகம் பணி நிறைவு விழா" என்பது முகப்பில் "தலைமை ஆசிரியர் நாய..." என்று வந்து நின்றது. மறுநாள் காலையில் அண்ணாச்சியின் போனில் வந்த சத்தம் நம் இரண்டு பேருக்கும் கேட்டது. "என்னவே, எங்க ஹெட்மாஸ்டர நாய்ங்கீரு? உம்ம நம்பித்தான குடுத்தோம்?" அண்ணாச்சி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நம்மை முறைத்தார். நான் அண்ணாச்சியிடம் எகிறினேன், நீங்கள்தானே வெட்டச் சொன்னீர்கள் என்று. நீ மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடுகிற பாவனையில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாய். சிரித்து முடித்ததும் வார்த்தையின் நடுவில் வெட்டாமல் இடைவெளி பார்த்து வெட்டுகிற ஒரு சின்ன ஃபங்ஷனை, அந்த ஒரு வேலையை மட்டும் செய்கிற நாலு வரி புரோகிராமை, எழுதினாய். அப்படி நீ எழுதியதில் அதுதான் முதல்.

அதற்குப் பிறகு அது உனக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. பெயருக்கு முன்னும் பின்னும் ஜனங்கள் தட்டிவிடுகிற வெற்றிடத்தை நீக்க ஒன்று, நடுவில் இருக்கிற இரட்டை வெற்றிடத்தை ஒன்றாக்க ஒன்று, ஒரு செய்தியில் எத்தனை வார்த்தை என்று எண்ண ஒன்று. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வைத்தாய். ஒரு மத்தியானம் அம்மா போன் செய்தபோது, "ஃபங்ஷன் எழுதிட்டிருக்கேம்மா, பொறவு பேசுதேன்" என்றாய். மறுமுனையில் அம்மா, "யாரு வீட்டு ஃபங்ஷன்? எனக்குச் சொல்லவே இல்ல?" என்று கேட்டது இங்கே எனக்குக் கேட்டது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் என் டீ கீபோர்டில் கொட்டியது.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாத ஒன்றும் இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கே பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் பக்கம் போட வேண்டியிருந்தது. பிள்ளையின் பெயர் ஒரு கட்டத்தில், பெற்றோர் பெயர் ஒரு கட்டத்தில். பெற்றோர் பெயரின் முதல் எழுத்தைப் பிய்த்து இனிஷியலாக முன்னால் போட வேண்டும். ஒரு வரி வேலை. நான்தான் எழுதினேன். சோதித்துப் பார் என்று உன்னிடம் தந்தேன். நீ உன் பெயரைத் தட்டி, பெற்றோர் கட்டத்தில் பொன்மணி என்று உன் அம்மா பெயரைத் தட்டினாய். திரையில் "ப." என்று வந்தது.

நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான், "என்னட்டி, ஒரு கொம்புதான விட்டுப்போச்சு, சரி பண்ணிரலாம்" என்றேன். நீ பைய, "அது எங்கப்பன் எழுத்துட்டி" என்றாய்.

அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் சொன்னாய். அப்பா பெயர் பவுல்ராஜ். நீ பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே பம்பாய்க்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். அம்மா சாத்தான்குளத்திலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்து, ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் மேட்ரனாகி உன்னை வளர்த்தார். படிப்பெல்லாம் "ப." போட்டே முடிந்தது. வேலைக்கு வந்த பிறகு நீயாக ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, தமிழில் உன் இனிஷியலை "பொ." என்று மாற்றிக்கொண்டாய். அம்மா கேட்கவில்லை, நீயாகச் செய்தாய். "இங்கிலீஷ்ல எழுதுனா அவரும் பி, எங்கம்மாவும் பி. ஒரு வித்தியாசமும் தெரியாது. தமிழ்லதான் எங்கம்மா தனியா நிக்கா. அந்தக் கொம்பையும் காலையும் புடுங்கிட்டா திரும்ப அவர்கிட்டதான் போய் நிக்கணும். நீ எழுதுன ஒத்த வரி என்னைய அங்கன கொண்டு விட்டுட்டு, பாத்தியா?" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

நமக்குப் "பொ" ஓர் எழுத்து. அந்த மிஷினுக்கு அது முதலில் ஒரு "ப", அப்புறம் தனியாக ஒரு குறி. முதல் ஒன்றை மட்டும் எடு என்றால் "ப"வை எடுத்துக்கொண்டு மற்றதை அம்போ என்று விட்டுவிடும். சரி, இரண்டாக எடுப்போம் என்றேன். "பொ" வந்தது. ஆனால் பட்டியலில் இருந்த மணியம்மாள் என்ற பெயருக்கு இனிஷியல் "மண" என்று வந்தது. போதாததற்குச் சில பழைய சாஃப்ட்வேரில் அடித்த பெயர்களில் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் கிடந்தன. அதில் இரண்டு எடுத்தால் "பெ". நான் கோபத்தில் மவுசைத் தூக்கி மேஜையில் போட்டேன். நீ போடவில்லை. தாளில் எழுத்துகளைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் கொம்பு, கால், சுழி, புள்ளி எல்லாவற்றையும் வரைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

"ஏட்டி, எத்தனன்னு எண்ணவே வேண்டாம். தலையப் பிடிச்சுக்கிட்டு, அதுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு என்னென்ன வருதோ எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வரணும். அடுத்த தலை வந்ததும் நின்னுக்கிடணும்" என்றாய். அப்படியே எழுதினாய். பொன்மணி என்று தட்டினாய். "பொ." என்று வந்தது. மணியம்மாளுக்கு "ம." வந்தது. "ஸ்ரீ." வர வேண்டிய ஸ்ரீனிவாசனுக்கு மட்டும் "ஸ்." என்று வந்து வழக்கடித்தது. அதற்குத் தனியாக ஒரு வரி போட்டாய். ஃபங்ஷனுக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டேன். இங்கிலீஷ் எழுத்தில் தலையெழுத்து என்று தட்டிவிட்டு என்னைப் பார்த்தாய். "தலையெழுத்த மாத்த முடியாதுன்னு எவ சொன்னா? இந்தா, மாத்திட்டேன்லா!"

உன்னுடைய அந்த முகம் எனக்கு வேண்டும். இத்தனை போட்டோ வைத்திருக்கிறேன், எதிலும் அந்த முகம் இல்லை.

காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். ரத்தத்தில் கோளாறு என்றார்கள். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, அதை இங்கே எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். உன் மணிக்கட்டில் பெயர்ப்பட்டை கட்டியிருந்தார்கள், இங்கிலீஷில், முன்னால் ஒரு பி. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு நீ கையைத் தூக்கிக் காட்டினாய். "சவத்த விடுட்டி. இந்த ஒத்த எழுத்துலயாவது ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்திருக்காவ, இருந்துட்டுப் போட்டும்" என்றாய். அத்தனை வருஷம் பிரித்து நிறுத்தப் பாடுபட்டவள், அன்றைக்கு அப்படிச் சொன்னாய். உனக்குள்ளும் அந்த ஆசை கிடந்ததா, ஏட்டி? கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார். அப்புறம் கேட்க நாளில்லை.

பஞ்சர் ஒட்டிக் கல் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். இப்போது கல்லில் உளி வைத்து யாரும் எழுதுவதில்லை. கம்ப்யூட்டரில் எழுத்தை அமைத்து, மிஷினில் விட்டு வெட்டுகிறார்கள். கடைக்காரத் தம்பி திரையைத் திருப்பிக் காட்டினார். சிலுவை, கீழே ஒரு வசனம், அதற்குக் கீழே உன் பெயர். பெயருக்கு முன்னால் "ப". அதற்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம், அதன் இரண்டு பக்கமும் கொம்பும் காலும் அநாதையாக ஒட்டிக்கொண்டு நின்றன. எனக்குத் திக்கென்றது. இத்தனை பாடுபட்டும் கல்லுக்கு வந்த இடத்தில் இப்படியா?

தம்பி கூச்சத்தோடு, "எங்க ஃபான்ட்டுக்கு மாத்தும்போது அப்படித்தான்க்கா உடைஞ்சு போகுது. வட்டத்த அழிச்சுட்டு 'ப'ன்னு விட்டுரவா? இல்லன்னா இங்கிலீஷ்ல பி போட்டுருவோம், பாக்க நீட்டா இருக்கும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "நீட்டா இருக்குமா? நீரு யாருவே அவ இனிஷியல மாத்த? எடும் அந்தக் கீபோர்ட" என்று கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தம்பியைத் தள்ளாத குறையாக உட்கார்ந்து நான் தட்டினேன். எப்படித் தட்டினாலும் அந்த ஃபான்ட்டில் உடைந்துதான் வந்தது. உன் ஃபங்ஷன் அங்கே எதற்கும் உதவாது. அதற்கு எழுத்தைப் பிரித்து எடுக்கத்தான் தெரியும், அந்தப் பழைய ஃபான்ட்டைத் திருத்தத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்து திரை மங்கிவிட்டது. நீ இருந்தால் தாளை எடுத்து வரைந்து ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பாய். எனக்குக் கோபம் மட்டும்தானே தெரியும்.

அப்போது அம்மா என் தோளில் கை வைத்தார். "எந்திரி மக்கா" என்றார். தம்பியிடம், "ஒரு வெள்ளத் தாளும் தடிச்ச பேனாவும் தாங்கய்யா" என்றார்.

"எதுக்கும்மா?"

"ஏம் பேரு. நான் எழுதுதேன்."

நின்றுகொண்டே எழுதினார். ஒற்றைக்கொம்பு, ப, கால். அப்புறம் ஒரு புள்ளி. ஹாஸ்டல் ரிஜிஸ்டரில் எழுதி எழுதிப் பழகிய கை. கொம்பின் சுழியைக் கொஞ்சம் பெரிதாகச் சுழித்திருந்தார். தம்பி அதைப் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, உன் பெயருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். மற்ற எழுத்தெல்லாம் அச்சு மாதிரி நேராக நின்றன. அது மட்டும் கொஞ்சம் சாய்ந்து, உன் பெயரைத் தொட்டுக்கொண்டு நின்றது. "இத அப்படியே வெட்டலாம்மா, ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார் தம்பி. இப்போது அவர் குரலும் இறங்கியிருந்தது.

திரும்பி வரும்போது அம்மா என் முதுகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழக்கமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக இருக்கிறவர். முருகன்குறிச்சி சிக்னலில் நின்றபோது கேட்டார்: "ஏ பிள்ள, எழுத்து நல்லா வந்திருக்கா? அவ ஏதும் குத்தம் சொல்லுவாளா?" சிக்னல் விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நல்லா வந்திருக்கும்மா என்று மட்டும் சொன்னேன்.

இப்போது உனக்கு ஒரு சேதி. நீ எழுதியதில் பாதி வேலையை இப்போது புரோகிராம் எழுதுகிற மொழியே செய்துவிடுகிறது. எழுத்தை எழுத்தாகப் பிரிக்க அதற்கே ஃபங்ஷன் வந்துவிட்டது. அண்ணாச்சி அந்தப் பழைய ஃபைலைத் தூக்கிவிடு என்கிறார். நான் தூக்கவில்லை, கேட்டால், அந்தப் புது ஃபங்ஷனிலும் "ஸ்." என்றே வருகிற ஸ்ரீனிவாசனைக் காட்டிச் சண்டை போடுகிறேன். எந்த வெப்சைட் செய்தாலும் சோதிப்பதற்கு முதலில் உன் பெயரைத்தான் தட்டுகிறேன், பெற்றோர் கட்டத்தில் பொன்மணி. "பொ." என்று வந்து, பின்னாலேயே உன் பெயர் வருகிறது. வந்ததும், சரியா இருக்காட்டி என்று கேட்பதற்குப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் திரும்பிவிடுகிறேன், ஏட்டி.