புகைபோக்கிக்குள் ஒரு சப்பாத்து

ரொறன்ரோ
12.11.1986

அன்பின் கோணேஸ்வரிக்கு,

நான் சுகம். அகதி முகாமில் உனக்கும் மகளுக்கும் சுகம் தரக் கோணேசரை வேண்டுகிறேன்.

நகரின் கிழக்கு ஓரத்தில், ரூஜ் என்ற இடத்தில், இங்கிலாந்துக்காரர் அந்தக் காலத்தில் கட்டிய பண்ணை வீடொன்றை இடிக்கிறோம். இரண்டடிக் கல்சுவர், நடுவே பெரிய புகைபோக்கி. அதற்குள்ளிருந்து ஒரு குழந்தைச் சப்பாத்து என் தலையில் விழுந்தது. காயமில்லை, எல்லோரும் சிரித்தோம்.

"வீட்டுக்குக் காவலெண்டு உள்ளுக்கு வைச்சுக் கட்டுறவங்களாம்," என்றார் கூட வேலை செய்யும் பஸ்ரியன் அண்ணை. நூற்றிருபது வருடம் அந்த வீடு நின்றிருக்கிறது. நாமும் நம் வீட்டு நிலைக்குக் கீழே உன் மூக்குத்தியை வைத்துத்தானே கட்டினோம். ஆறாம் வருடமே கலவரத்தில் வீட்டை எரித்துவிட்டார்கள்.

சப்பாத்து என் உள்ளங்கைக்குள் அடங்கியது. மகளின் கால் இப்போது எவ்வளவென்று எனக்குத் தெரியவில்லை. அவளைக் கடதாசியில் நிறுத்தி, காலைச் சுற்றிக் கோடு கீறி அனுப்பு. சப்பாத்து வாங்கத்தான்.

வேலைக்கு ஏற்றிப்போக வான் வந்துவிட்டது. கடதாசியை மடிக்காதே.

உன்
மகேஸ்வரன்