நாலாவது திருகாணி

சாமி,

இன்று காலை உன் தகரப் பெட்டியைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதுமே சீமெண்ணெயும் தறி எண்ணெயும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. என் தறி எண்ணெயை எனக்குத் தெரியாமல் எடுத்துக் கலக்கி, துருப்பிடித்த கடிகாரங்களை ஊறப்போடுவாயே, அதே வாடை. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அந்தப் பெட்டிப் பக்கமே நான் போகவில்லை. இன்று போக வேண்டியதாகிவிட்டது.

நாமகிரிப்பேட்டை அம்மா வந்திருந்தார். அவருடைய மாமனாரின் பழைய சங்கிலிக் கடிகாரம் உன்னிடம் இருந்ததல்லவா. "தம்பி இல்லாம நீங்க என்னங்க பண்ணுவீங்க, அப்படியே குடுத்துருங்க. சேலத்துல காட்டிக்கிறேன்" என்றார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. நீ கையில் எடுத்த வேலையைப் பாதியில் பார்த்துவிட்டு, "எவன் இதைக் கெடுத்தது" என்று அங்கே யாரும் கேட்டுவிடக் கூடாது. "சாயந்திரமா வாங்க" என்று அனுப்பி வைத்தேன்.

கழற்றிய மூன்று திருகாணிகள் பாட்டில் மூடியில் கிடந்தன. நாலாவது மட்டும் துருவேறி உள்தகட்டிலேயே இருந்தது. எள்ளைவிடச் சிறியது. தலை உடைந்தால் தீர்ந்தது கதை.

உன் பேச்சுதான் ஞாபகம் வந்தது. "முதல்ல இறுக்குற பக்கம் ஒரு மயிரிழை திருப்போணும்க்கா. கழட்ட வந்திருக்கோம்னு துருவுக்குத் தெரியக் கூடாது."

ஒருநாள் பக்கத்துத் தறிப் பெண்கள் எல்லாரும் இருக்கும்போது, "எங்க அக்கா கை பட்டா எந்த ஸ்க்ரூவும் வரும், பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டாய். நான் திருப்பினேன், வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் தெருவெல்லாம் பெருமை பேசினேன். அப்புறம் சிரித்துக்கொண்டே சொல்கிறாய், "நான் முன்னாடியே தளர்த்தி வெச்சுட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டேன்" என்று. அன்றைக்கு உனக்கு வேண்டுமென்றே உப்பில்லாத குழம்பு ஊற்றினேன். "நல்லாருக்குதுக்கா" என்று அதையும் சாப்பிட்டு எழுந்தாய்.

மத்தியானம் கரண்டு போய்த் தறி நின்றது. நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிற விரல்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உன் லென்ஸ் என் கண்ணில் நிற்காமல் இரண்டு தடவை விழுந்தது. இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை. அப்புறம் இந்தப் பக்கம். ஊறிய புளியிலிருந்து கொட்டை வருகிற மாதிரி வந்துவிட்டது, சாமி. முரண்டு பிடிக்கவே இல்லை.

மிச்ச வேலை எனக்குத் தெரியாது. நாலு திருகாணியையும் தாளில் மடித்து, கடிகாரத்தோடு அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.

"சேலத்துல கேட்டா, தம்பிதான் கழட்டுனான்னு சொல்லுங்க."

"கடைசி ஒண்ணு நீங்கதானுங்களே கழட்டுனீங்க?"

அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். என் விரலில் இன்னும் சீமெண்ணெய் வாடை இருக்கிறது. கழுவ மனமில்லாமல் அந்தக் கையோடு இதை எழுதுகிறேன்.

அது என் கைக்குத்தான் வந்ததா, சாமி? இல்லை, அதையும் நீ முன்னாடியே தளர்த்தி வைத்துவிட்டுத்தான் போனாயா?